உங்களுக்குத் தெரியுமா? 52 ஆண்டுகளே வாழ்ந்த ரிப்பன் பட்டம்

சென்னை சென்ட்ரல் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் வெள்ளை வெளேரென்று நிற்கும் ரிப்பன் மாளிகையை அறியாதவர் இல்லை. அந்தப் பெயரைத் தந்த ‘மார்க்வெஸ் ஆஃப் ரிப்பன்’ என்ற பிரிட்டிஷ் பரம்பரைப் பட்டம் இன்று உலகில் எவரிடமும் இல்லை. 1871-ல் பிறந்து 1923-ல் அது மறைந்துவிட்டது. தந்தை, மகன் என இரண்டே பேர்தான் அதைச் சூடினார்கள். அந்தப் பட்டத்தின் முழுக்கதை இதோ, துணுக்குத் துணுக்காக!

பட்டங்களின் ஏணி

● பிரிட்டிஷ் பிரபுக்களில் ஐந்து படிநிலைகள் உண்டு. டியூக், மார்க்வெஸ், ஏர்ல், வைகவுன்ட், பாரன் என்று மேலிருந்து கீழே இறங்கும் வரிசை அது. ரிப்பன் பட்டம் மேலிருந்து இரண்டாவது படி. இந்த ஐந்துக்கும் கீழே ‘பாரனெட்’ என்று ஒன்று உண்டு. அதுவும் பரம்பரையாக வருவதுதான். ஆனால், பாரனெட்டைப் பிரபுவாகக் கணக்கில் சேர்ப்பதில்லை.

● பரம்பரைப் பட்டம் யாருக்குப் போக வேண்டும் என்பதை அதை வழங்கும் அரச சாசனமே வரையறுத்துவிடும். பெரும்பாலான சாசனங்கள் ‘இவருடைய ஆண் வாரிசுகளுக்கு மட்டும்’ என்றே சொல்கின்றன. மகன் இல்லாமல், பட்டத்தை முதலில் பெற்றவரின் ஆண்வழியில் வேறு எவரும் இல்லாமல் ஒருவர் இறந்துபோனால், பட்டமும் அன்றே முடிந்துவிடும். மகள்கள் எத்தனை பேர் இருந்தாலும் பயன் இல்லை.

● எல்லாப் பட்டங்களும் ஒரே மாதிரி நின்றுபோவதில்லை. வாரிசு இருக்கக்கூடும், ஆனால் யாரும் உரிமை கோரி நிரூபிக்கவில்லை என்றால் அது ‘உறங்கும் பட்டம்’. சகோதரிகள் பலருக்குச் சம உரிமை இருப்பதால் யாரிடமும் சேராமல் நின்றால் அது ‘நிலுவையில் உள்ள பட்டம்’. இந்த இரண்டும் மறுபடி உயிர்பெறலாம். வாரிசே இல்லாமல் அற்றுப்போன பட்டத்துக்கு அந்த வாய்ப்பு கிடையாது. ரிப்பன் பட்டம் இந்த மூன்றாவது வகை.

ராபின்சன் குடும்பம்

● ரிப்பன் என்பது குடும்பப் பெயர் அல்ல. இங்கிலாந்தின் வடக்கே யார்க்‌ஷயரில் உள்ள ஒரு சிறு நகரத்தின் பெயர். குடும்பப் பெயர் ராபின்சன். யார்க் நகரைச் சேர்ந்த வில்லியம் ராபின்சன் 1690-ல் பாரனெட் ஆனார். அவருடைய மகன்களில் ஒருவரான தாமஸ் ராபின்சன், வியன்னாவில் நீண்ட காலம் தூதராக இருந்தவர். 1761-ல் அவருக்குக் கிரான்தம் பாரன் பட்டம் கிடைத்தது. ஏணியில் குடும்பம் ஏறத் தொடங்கியது அங்கிருந்துதான்.

● இந்தக் குடும்பத்துக்கு ஓர் உயர்ந்த பட்டம் ஒரு பெண் வழியாக வந்தது. அமபெல் ஹியூம்-கேம்பல் என்ற சீமாட்டிக்கு 1816-ல் ‘கவுன்டஸ் டி கிரே’ பட்டம் வழங்கப்பட்டது. அவருக்குப் பிள்ளைகள் இல்லை. அதனால், அவருடைய தங்கைக்கும் தங்கையின் ஆண் வாரிசுகளுக்கும் பட்டம் போகட்டும் என்று சாசனத்திலேயே எழுதினார்கள். அந்தத் தங்கை வாழ்க்கைப்பட்டது கிரான்தம் பாரன் குடும்பத்தில். ஒரு பெண்ணுக்காக உருவான இந்தப் பட்டமும், பின்னாளில் ஆண் வாரிசு இல்லாமல்தான் அற்றுப்போனது.

● தங்கையின் மூத்த மகன் தாமஸ், 1833-ல் பெரியம்மாவின் பட்டத்தைப் பெற்று டி கிரே ஏர்ல் ஆனார். கட்டடக்கலையில் தீராத ஈடுபாடு கொண்டவர். 1834-ல் தொடங்கிய பிரிட்டிஷ் கட்டடக் கலைஞர்கள் கழகத்தின் முதல் தலைவர் அவரே. பெட்ஃபர்ட்‌ஷயரில் உள்ள ‘ரெஸ்ட் பார்க்’ மாளிகையைப் பிரெஞ்சு பாணியில் எழுப்பியவரும் அவர்தான்.

● இளைய மகன் ஃபிரெடரிக் ஜான் ராபின்சன் பிரிட்டனின் பிரதமரானார். 1827 ஆகஸ்டில் பிரதமர் கேனிங் திடீரென்று இறந்தபோது, கோடரிச் வைகவுன்ட் என்ற பட்டத்தோடு இருந்த இவரை மன்னர் அழைத்தார். 1828 ஜனவரியில் பதவி விலகிவிட்டார். ஐந்து மாதம்கூட நிறையவில்லை. இடையில் நாடாளுமன்றம் கூடவே இல்லை. பிரதமராக ஒரு நாள்கூட நாடாளுமன்றத்தைச் சந்திக்காதவர் என்று வரலாற்றில் இடம்பெற்றுவிட்டார்.

● பிரதமராகத் தோற்றாலும் நிதியமைச்சராக அவர் செய்த ஒரு நல்ல காரியம் இன்றும் லண்டனில் நிற்கிறது. ஆங்கர்ஸ்டைன் என்ற செல்வரின் 38 ஓவியங்களை 57,000 பவுண்டுக்கு அரசு வாங்க 1824-ல் வழிசெய்தார். டிரஃபால்கர் சதுக்கத்தில் இருக்கும் தேசிய ஓவியக்கூடம் அந்த 38 ஓவியங்களோடு தொடங்கியதுதான்.

● 1815-ல் வெளிநாட்டுத் தானியத்தின் இறக்குமதியைத் தடுக்கும் ‘தானியச் சட்டத்தை’ நாடாளுமன்றத்தில் கொண்டுவந்தவர் இதே ராபின்சன். ரொட்டி விலை ஏறும் என்று கொதித்த லண்டன் மக்கள் அவர் வீட்டைத் தாக்கினார்கள். 31 ஆண்டுகள் கழித்து, 1846-ல், அதே சட்டத்தை ரத்து செய்யும் மசோதாவைப் பிரபுக்கள் சபையில் முன்மொழிந்தவர்களிலும் அவர் இருந்தார். காலம் மாறியபோது தன் நிலையை மாற்றிக்கொள்ளத் தயங்காதவர்.

● 1833-ல் அவருக்கு ‘ஏர்ல் ஆஃப் ரிப்பன்’ பட்டம் கிடைத்தது. ரிப்பன் தொகுதியின் உறுப்பினராக 20 ஆண்டுகள் மக்களவையில் இருந்தவர் என்பதால் அந்த ஊர்ப்பெயரே பட்டமானது. கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் ‘கோடரிச்’ என்ற ஏரிக்கரை நகரம் இருக்கிறது. அது அவருடைய பழைய பட்டத்தின் நினைவு.

முதல் மார்க்வெஸ்

● இந்தியா அறிந்த ரிப்பன் பிரபு, அந்தப் பிரதமரின் மகன் ஜார்ஜ் ஃபிரெடரிக் சாமுவேல் ராபின்சன். தந்தை பிரதமராக இருந்த அந்தச் சில மாதங்களுக்குள்தான் பிறந்தார். தேதி 1827 அக்டோபர் 24. பிறந்த இடம், பிரதமரின் இல்லமான டவுனிங் தெரு 10-ம் எண் வீடு!

● இவர் பள்ளிக்கூடத்துக்கோ பல்கலைக்கழகத்துக்கோ போனதில்லை. வீட்டிலேயே படித்தவர். ஆனாலும், 1904-ல் லீட்ஸ் பல்கலைக்கழகம் தனி நிறுவனமாக ஆனபோது அதன் முதல் வேந்தர் இவரே.

● 1852-ல் ஹல் தொகுதியில் வென்று மக்களவைக்குப் போனார். ஆனால், அவர் சார்பில் வாக்காளர்களுக்குக் கையூட்டு தரப்பட்டது தெரியவந்து தேர்தல் செல்லாமல் போனது. மறு ஆண்டே ஹடர்ஸ்ஃபீல்டு தொகுதியில் வென்று திரும்பினார். உழைப்பாளர்களின் நலனுக்காகப் பேசிய ‘கிறிஸ்தவ சோஷலிஸ்ட்’ அணியில் இளம் வயதிலேயே சேர்ந்தவர்.

● பிரபு வீட்டுப் பிள்ளை மக்களவையில் எப்படி உட்கார்ந்தார்? தந்தை உயிரோடு இருக்கும்வரை மூத்த மகனுக்குப் பிரபு என்ற சட்டத் தகுதி கிடையாது. தந்தையின் துணைப்பட்டங்களில் ஒன்றை மரியாதைக்காகப் போட்டுக்கொள்ளலாம், அவ்வளவுதான். ‘கோடரிச் வைகவுன்ட்’ என்று எல்லோரும் அழைத்தாலும் சட்டப்படி அவர் சாதாரணக் குடிமகன். அதனால் தேர்தலில் நிற்கத் தடையில்லை.

● 1859 ஜனவரியில் தந்தை இறந்தார். ரிப்பன் ஏர்ல் பட்டம் வந்தது. அதே ஆண்டு நவம்பரில், மகன் இல்லாத பெரியப்பா தாமஸ் இறந்தார். டி கிரே ஏர்ல் பட்டமும் வந்து சேர்ந்தது. ஒரே ஆண்டில் இரண்டு ஏர்ல் பட்டங்கள்! ‘டி கிரே – ரிப்பன் ஏர்ல்’ என்று சேர்த்தே அவரை அழைத்தார்கள்.

● 1863-ல் அவர் போர் அமைச்சர் ஆவதற்குப் பின்னணியில் முனைந்து நின்றவர் ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல். படைவீரர்களின் சுகாதாரத்தில் அக்கறை கொண்டவர் அந்தப் பதவிக்கு வர வேண்டும் என்று அவர் விரும்பினார். பின்னாளில் ரிப்பன் இந்தியாவில் செய்த சீர்திருத்தங்களையும் நைட்டிங்கேல் உறுதியாக ஆதரித்தார்.

● மார்க்வெஸ் பட்டம் கிடைத்ததற்குக் காரணம் ஒரு கப்பல். அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்கு மாநிலங்களின் வணிகக் கப்பல்களை அழித்துவந்த ‘அலபாமா’, இங்கிலாந்தின் பர்கன்ஹெட்டில் கட்டப்பட்டது. போர் முடிந்ததும் அமெரிக்கா நஷ்டஈடு கேட்டது. இரு நாடுகளும் பகைத்துக்கொள்ளும் நிலை. பிரிட்டிஷ் குழுவுக்குத் தலைமை தாங்கிப் பேசி, 1871-ல் வாஷிங்டன் ஒப்பந்தத்தை முடித்துக்கொடுத்தவர் இவர். அதற்கான பரிசாக அதே ஆண்டில் ‘மார்க்வெஸ் ஆஃப் ரிப்பன்’ ஆனார். மறு ஆண்டு ஜெனீவாவில் கூடிய நடுவர் மன்றம் 1 கோடியே 55 லட்சம் டாலரை பிரிட்டன் தரச் சொன்னது. பிரிட்டன் தந்தது. போர் இல்லாமல் தீர்ந்த பெரிய வழக்கு அது.

● இங்கிலாந்து ஃப்ரீமேசன் அமைப்பின் தலைமைப் பதவியை 1870 முதல் வகித்தார். 1874-ல் திடீரென்று விலகி, கத்தோலிக்க மதத்தில் சேர்ந்தார். நாடே அதிர்ந்தது. இனி இவருக்கு அரசியல் வாழ்வு இல்லை என்றே பலரும் முடிவுகட்டினார்கள். ஆறே ஆண்டில் பிரதமர் கிளாட்ஸ்டன் அவரை இந்தியாவின் வைஸ்ராயாக அனுப்பினார். அந்தப் பதவிக்கு வந்த முதல் கத்தோலிக்கர் ரிப்பன்.

இந்தியாவில் நான்கு ஆண்டுகள்

● ரிப்பனுக்கு முன் வைஸ்ராயாக இருந்த லிட்டன் பிரபு 1878-ல் கொண்டுவந்த நாட்டுமொழிப் பத்திரிகைச் சட்டம், இந்திய மொழி இதழ்களின் வாயைக் கட்டியது. அந்தச் சட்டத்துக்குத் தப்புவதற்காக வங்காளத்தின் ‘அமிர்த பஜார் பத்திரிகா’ ஆங்கில ஏடாகவே மாறியது. 1882-ல் ரிப்பன் அந்தச் சட்டத்தை ரத்து செய்தார். அதே 1882-ல்தான் சென்னையில் ஜி. சுப்பிரமணிய ஐயரின் ‘சுதேசமித்திரன்’ பிறந்தது.

● இந்தியாவின் முதல் தொழிற்சாலைச் சட்டம் 1881-ல் இவர் காலத்தில் வந்தது. 100 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் ஆலைகளில் 7 வயதுக்குட்பட்ட குழந்தைகளை வேலைக்கு வைக்கக் கூடாது. 7 முதல் 12 வயதுக்குட்பட்டோருக்கு நாளுக்கு 9 மணி நேரமே வேலை. மாதம் 4 நாள் விடுமுறை. இன்று படிக்கும்போது நெஞ்சு பதறும் விதிகள்தான். ஆனால், அதற்கு முன்பு இந்த அளவு காப்புகூட அந்தக் குழந்தைகளுக்கு இல்லை.

● 1882 மே 18 அன்று வெளிவந்த உள்ளாட்சித் தீர்மானம்தான் ரிப்பனின் பெயரை நிலைநிறுத்தியது. உள்ளூர் மன்றங்களில் அதிகாரிகள் அல்லாதவர்களே பெரும்பான்மையாக இருக்க வேண்டும், முடிந்த இடங்களில் தேர்தல் நடத்த வேண்டும், தலைவரும் அதிகாரியாக இல்லாமல் இருப்பது நல்லது என்றது அது. நிர்வாகம் சிறப்பதைவிட மக்கள் அரசியல் பயில்வதே முக்கியம் என்பது அதன் உயிர்க்கருத்து. அந்த வழியில் சென்னை மாகாணத்தில் 1884-ல் நகராட்சிச் சட்டமும் உள்ளாட்சி வாரியச் சட்டமும் வந்தன. பாடப்புத்தகங்கள் அவரை ‘இந்திய உள்ளாட்சியின் தந்தை’ என்பது இதனால்தான்.

● மாவட்டங்களில் இருந்த இந்திய நீதிபதிகள் ஐரோப்பியர் மீதான குற்ற வழக்குகளை விசாரிக்க முடியாது என்ற நிலை இருந்தது. இந்த இழிவை நீக்க, 1883-ல் சட்ட உறுப்பினர் இல்பர்ட் ஒரு மசோதா கொண்டுவந்தார். இந்தியாவில் இருந்த வெள்ளையர்கள் கொந்தளித்தார்கள். வைஸ்ராயையே அவமதித்தார்கள். கடைசியில், பாதிக்குக் குறையாமல் ஐரோப்பியரோ அமெரிக்கரோ இருக்கும் ஜூரியைக் கேட்டுப் பெறும் உரிமையை வெள்ளையருக்குத் தந்து 1884-ல் சட்டம் நிறைவேறியது. ரிப்பனுக்கு இது பாதித் தோல்வி. இந்தியர்களுக்கோ முழுப் பாடம். ஒன்றுசேர்ந்து குரல் எழுப்பினால் அரசு இறங்கிவரும் என்பதை அவர்கள் கண்ணெதிரே பார்த்தார்கள். 1885-ல் காங்கிரஸ் பிறந்தது.

● நாடு முழுவதும் ஒரே நேரத்தில் எடுக்கப்பட்ட முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, 50 ஆண்டுகளாக ஆங்கிலேயர் நிர்வாகத்தில் இருந்த மைசூரை உடையார் வம்சத்திடம் திருப்பிக் கொடுத்தது, இரண்டும் 1881-ல் நடந்தவை. 1882-ல் உப்பு வரி குறைக்கப்பட்டது. அதே ஆண்டில் ஹண்டர் தலைமையில் கல்விக் குழு அமைந்தது. சென்னை மாகாணம் லட்சக்கணக்கான உயிர்களைப் பறிகொடுத்த 1876–78 பஞ்சத்துக்குப் பிறகு, பஞ்ச நிவாரண விதித்தொகுப்பு 1883-ல் உருவானதும் இவர் ஆட்சியில்தான்.

● 1884 டிசம்பரில் ரிப்பன் விடைபெற்றபோது வழிநெடுக மக்கள் திரண்டு வாழ்த்தினார்கள். அதற்கு முன் எந்த வைஸ்ராயும் அப்படியொரு வழியனுப்புதலைக் கண்டதில்லை. ‘ரிப்பன் எங்கள் அப்பன்’ என்று சென்னைவாசிகள் அவரைக் கொண்டாடியதை நகர வரலாற்றை எழுதியவர்கள் குறித்துவைத்திருக்கிறார்கள்.

பட்டம் அற்றுப்போனது

● நாடு திரும்பிய பிறகு கடற்படை அமைச்சர், குடியேற்ற நாடுகளின் அமைச்சர் என்று பல பதவிகள். நடுவே 1895-ல் தன் சொந்த ஊரான ரிப்பனின் மேயராகவும் இருந்தார்! உள்ளாட்சியின் அருமையை ஊருக்குச் சொன்னவர், தானும் அதில் பங்கேற்றார். 1909 ஜூலை 9 அன்று 81 வயதில் காலமானார்.

● அவருக்கு ஒரே மகன், ஃபிரெடரிக் ஆலிவர் ராபின்சன். இரண்டாம் மார்க்வெஸ். அரசியலைவிட இவருக்குத் துப்பாக்கியே பிடித்தது. இங்கிலாந்தின் தலைசிறந்த வேட்டைக்காரர் என்று பெயர் எடுத்தவர். சுட்ட பறவைகளையும் விலங்குகளையும் கணக்கு எழுதிவைத்தார். வாழ்நாள் கணக்கு ஐந்தரை லட்சத்துக்கும் மேல்! இந்தியப் புலிகளும் காண்டாமிருகங்களும் அந்தக் கணக்கில் உண்டு. படிக்கவே வேதனை தரும் எண்ணிக்கை அது.

● இவர் மனைவி கிளாடிஸ் கலைகளுக்குப் பெரும் புரவலர். ரஷ்யாவின் டியாகிலெவ் பாலே குழு 1911-ல் லண்டனில் கால்பதிக்க உதவியவர். ஆஸ்கர் வைல்டு தன் ‘எ வுமன் ஆஃப் நோ இம்பார்ட்டன்ஸ்’ நாடகத்தை இவருக்குத்தான் சமர்ப்பித்தார். முதல் திருமணத்தில் இவருக்கு ஒரு மகள் உண்டு. ரிப்பனுடன் பிள்ளைகள் இல்லை.

● 1923 செப்டம்பர் 22. யார்க்‌ஷயர் மேட்டுநிலத்தில் பறவை வேட்டையில் இருந்தபோதே இரண்டாம் மார்க்வெஸ் விழுந்து இறந்தார். அந்த ஒரு மரணத்தோடு ஆறு பட்டங்கள் அற்றுப்போயின. ரிப்பன் மார்க்வெஸ் (1871), ரிப்பன் ஏர்ல் (1833), கோடரிச் வைகவுன்ட் (1827), டி கிரே ஏர்ல் (1816), கிரான்தம் பாரன் (1761), ராபின்சன் பாரனெட் (1690). 233 ஆண்டுகளாக ஏறிய ஏணி ஒரே நாளில் இல்லாமல் போனது.

● இந்தக் குடும்பத்தின் வழியே போன ஒரு பட்டம் மட்டும் தப்பித்தது. 1663-ல் உருவான லூகஸ் பாரன் பட்டம் பெண்களுக்கும் போகலாம் என்று சாசனம் சொன்னது. அதனால் 1859-ல் பெரியப்பா தாமஸ் இறந்தபோது அது அவருடைய மகள் ஆனுக்குப் போனது. இன்றும் வாழ்கிறது. மகள்களுக்கு இடம் கொடுத்த பட்டம் பிழைத்தது, கொடுக்காதவை அழிந்தன.

● குடும்பத்தின் வசிப்பிடமான ஸ்டட்லி ராயல் மாளிகை 1946-ல் தீயில் எரிந்துபோனது. ஆனால், அதன் தோட்டமும், அதையொட்டிய ஃபவுன்டன்ஸ் மடத்தின் இடிபாடுகளும் 1986-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாயின. முதல் மார்க்வெஸும் அவர் மனைவியும் கட்டிய செயின்ட் மேரி தேவாலயமும் அங்கே இருக்கிறது.

● இந்தியாவை ஆண்டவர்களின் பட்டங்களில் அற்றுப்போனவை இன்னும் பல. வெல்லெஸ்லி மார்க்வெஸ் 1842-லும், டல்ஹவுசி மார்க்வெஸ் 1860-லும், கர்சன் மார்க்வெஸ் 1925-லும் முடிந்தன. ரிப்பனுக்கு அடுத்து வந்த டஃபரின் வைஸ்ராயின் மார்க்வெஸ் பட்டம் 1988 வரை தாங்கியது. பிரிட்டனில் கடைசியாக உருவான மார்க்வெஸ் பட்டம் 1936-ல் வில்லிங்டனுக்குக் கிடைத்தது. சென்னையின் ஆளுநராக இருந்த அதே வில்லிங்டன்தான். அதுவும் 1979-ல் அற்றுப்போனது.

பெயர் மட்டும் வாழ்கிறது

● சென்னை ரிப்பன் மாளிகைக்கு 1909 டிசம்பரில் வைஸ்ராய் மின்டோ அடிக்கல் நாட்டினார். ரிப்பன் இறந்து ஐந்து மாதங்கள்தான் ஆகியிருந்தன. கட்டியவர் லோகநாத முதலியார். செலவு 7.5 லட்சம் ரூபாய். 1913 நவம்பர் 26 அன்று வைஸ்ராய் ஹார்டிஞ்ச் திறந்துவைத்தார். கோபுரத்தின் உயரம் 43 மீட்டர். 1688-ல் தொடங்கிய சென்னை மாநகராட்சி இன்றும் அங்கிருந்துதான் இயங்குகிறது.

● கர்நாடகத்தின் சிவமொக்கா மாவட்டத்தில் ‘ரிப்பன்பேட்டை’ என்ற ஊர் இருக்கிறது. மும்பையில் பார்சிகளின் ‘ரிப்பன் கிளப்’ இருக்கிறது. கொல்கத்தாவின் ரிப்பன் கல்லூரி, சுதந்திரத்துக்குப் பிறகு சுரேந்திரநாத் கல்லூரி என்று பெயர் மாறியது. உள்ளாட்சிக்காகவும் பத்திரிகைச் சுதந்திரத்துக்காகவும் போராடிய சுரேந்திரநாத் பானர்ஜியின் பெயர் என்பதால், அந்த மாற்றமும் பொருத்தமானதே.

ரத்த உறவை நம்பிய ஆறு பட்டங்களும் போய்விட்டன. மக்களை நம்பிய ஒரு தீர்மானம் நூற்றாண்டைக் கடந்து பயன் தருகிறது. உங்கள் வார்டு உறுப்பினரின் பெயர் உங்களுக்குத் தெரியுமா? தெரியாவிட்டால் இன்றே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அடுத்த உள்ளாட்சித் தேர்தலில் தவறாமல் வாக்களியுங்கள்.